புது ஹொக்கி ஸ்கேட்: "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்காதீர்கள்

அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. பிறந்து வளர்வது ஸ்காபரோவில். கடந்த மாரியில் நான் அங்கு போய் நின்றபோது அவனுக்கு வீட்டில் ஒரு பெயர் விழுந்திருந்தது: கால் பலமில்லாத பிள்ளை. பனித்தளத்தில் இறங்கினால் இரண்டு கணுக்கால்களும் உள்நோக்கிச் சரிந்துவிடும். பத்து நிமிடத்தில் அழுகையை அடக்கிக்கொண்டு வாங்கிலில் வந்து இருந்துவிடுவான். கிளிநொச்சியிலிருந்து அம்மா வட்ஸ்அப்பில் உழுத்தங்களி கிண்டிக் கொடுக்கச் சொன்னார், நல்லெண்ணெய் பூசிக் காலை உருவிவிடச் சொன்னார். அத்தான் ஹொக்கியை நிற்பாட்டிவிட்டு நீச்சலுக்கு அனுப்பலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

பிள்ளையின் காலில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவனுடைய சப்பாத்து அளவு 3. அக்கா வாங்கிக் கொடுத்திருந்த ஸ்கேட்டின் அளவு 4. "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருசம் ஓடட்டும்" என்பது அவரது கணக்கு. உண்மையில் அவனுக்குப் பொருந்த வேண்டியது 2, அல்லது 1.5. இரண்டு அளவுக்கு மேல் பெரிதான பூட்ஸுக்குள் கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. எந்தப் பிள்ளையின் கணுக்காலும் அதில் சரியத்தான் செய்யும்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் தை மாதம் வாங்கும் வெள்ளைச் சப்பாத்து எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் இருக்கும். முன்பக்கத்தில் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். இடம்பெயர்வுகளுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்குச் சப்பாத்து என்பது ஒருமுறை வாங்கி, தேயும்வரை ஓட்டி, பிறகு தம்பிக்குக் கொடுக்கிற சாமான். அந்தப் பழக்கம் சப்பாத்தில் பெரிய தீங்கு செய்யாது. ஸ்கேட்டில் செய்யும்.

ஹொக்கி என்றால் நமக்கு நினைவு வருவது தரையில் வளைந்த தடியோடு ஓடும் ஆட்டம். கனடாவில் அந்தச் சொல் பனிக்கட்டிமேல் ஆடுவதை மட்டுமே குறிக்கும். 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தேசியக் குளிர்கால விளையாட்டாக்கியது. ரொறன்ரோ நகரசபை ஐம்பதுக்கும் மேற்பட்ட வெளிப்புறப் பனித்தளங்களை நடத்துகிறது. அதில் ஒன்று எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோவில், அல்பேர்ட் கம்பல் சதுக்கத்தில் இருக்கிறது. பொழுதுபோக்காகச் சறுக்க அங்கே காசு கட்டத் தேவையில்லை. வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுகூடும் இடமும் அதுதான். அதனால் பிள்ளைக்கு ஸ்கேட் பொருந்தவில்லை என்பதைக் கால்நோவோடு மட்டும் முடிகிற விடயமாக நினைக்க முடியாது.

ஏன் சப்பாத்துப் போல வாங்கக்கூடாது?

சப்பாத்து நடக்கும்போது வளைந்து கொடுக்கும். ஸ்கேட்டின் பூட்ஸ் அப்படியல்ல, பலகைபோல விறைத்தது. அதன் அடியில் ஒரு பிளாஸ்ரிக் தாங்கி, தாங்கிக்குள் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு. பிள்ளையின் முழு எடையும் அந்தத் தகட்டில்தான் நிற்கிறது. கால் சாய்ந்தால் அதே நொடியில் தகடும் சாய வேண்டும். அதுதான் திரும்புவதும் நிற்பதும். பூட்ஸுக்குள் இடைவெளி இருந்தால் முதலில் கால் சாயும், பிறகு பூட்ஸின் சுவரில் முட்டும், அதன் பிறகே தகடு அசையும். அந்தப் பிந்துகைக்குள் பிள்ளை விழுந்துவிடும். விழாமல் இருக்க விரல்களால் அடித்தளத்தைக் கவ்விப் பிடிக்கும். பாதத்தின் வளைவு உளைவதும் குதிக்காலில் கொப்புளம் போடுவதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

பொதுவான கணக்கு இது: ஹொக்கி ஸ்கேட்டின் அளவு, வட அமெரிக்கச் சப்பாத்து அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை குறைவாக இருக்கும். இலங்கையிலிருந்து புதிதாகப் போனவர்கள் இதில் இரட்டைத் தடுமாற்றம் அடைகிறார்கள். நாங்கள் பாவிக்கிற பிரித்தானிய அளவு, வட அமெரிக்க ஆண்கள் அளவைவிட ஏற்கெனவே ஏறக்குறைய ஒன்று குறைவு. ஊரில் 7 போட்டவர் கனடாவில் 8 கேட்க வேண்டும்; அவருக்கு ஸ்கேட் 6.5 அல்லது 7 வரும். எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்று தெரியாமல் கழித்தால் கால் நுழையாது. ஆகவே எந்த எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கடையில் பாதத்தை வைத்து அளக்கும் பிரானொக் என்ற உலோகத் தட்டோ, பாதத்தைப் படமெடுக்கும் கருவியோ இருக்கும். இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காலுக்குப் பார்த்து வாங்க வேண்டும்.

நீளத்தைப்போல அகலமும் முக்கியம். கனடாவில் பழகிப்போன இரண்டு பெயர்கள் பௌவர், சீசீஎம். பௌவர் 1927இல் ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் தொடங்கியது. சீசீஎம் 1899இல் சைக்கிள் செய்யத் தொடங்கிய நிறுவனம். ஸ்கேட்டுக்குப் பிறகு வந்தது. பௌவர் இப்போது அகலத்தையும் உள்ளாழத்தையும் சேர்த்து 1, 2, 3 என்று மூன்று வடிவங்களாகப் பிரிக்கிறது. 1 ஒடுக்கமானது, 3 அகன்றது. சீசீஎம் ஒடுக்கம், சாதாரணம், அகலம் என்று பிரிக்கிறது. வெறுங்காலோடும் பாட்டாவோடும் வளர்ந்தவர்களின் முன்பாதம் விரிந்திருப்பது வழமை. முதல்தரம் ஸ்கேட் வாங்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அகன்ற வடிவத்தைக் கேட்டுப் போட்டுப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் அகலம் போதாததற்கு நீளத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இது நான் அங்கே கண்ட இரண்டாவது பெரிய பிழை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தகட்டின் முன்முனையில் பல் பல்லாக வெட்டியிருந்தால் அது பனி நடனத்துக்கான ஸ்கேட். ஹொக்கிக்கு அது ஆகாது. ஹொக்கித் தகட்டின் இரண்டு முனைகளும் உருண்டிருக்கும்.

கடையில் செய்ய வேண்டியவை

தடித்த கம்பளி மேஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பனிக்குள் போவதால் கால் குளிரும் என்று நினைத்துத்தான் போடுகிறோம். ஆனால் தடித்த மேஸ் காலை நெரித்து இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வியர்வையையும் பிடித்து வைத்திருக்கும். கால் இன்னும் குளிரும். மெல்லிய ஒரு சோடி போதும். ஆடும்போது எதைப் போடப் போகிறீர்களோ அதையே கடைக்கும் போட்டுச் செல்லுங்கள்.

லேஸை அடிவரை நன்றாகத் தளர்த்துங்கள். கால் உள்ளே போனதும், லேஸ் கட்ட முன்னர், ஒரு சோதனை. பாதத்தை முன்னுக்குத் தள்ளி விரல்கள் முன்சுவரில் தொடும்படி வைத்துக்கொண்டு, குதிக்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு பென்சில் நுழையும் இடம் போதும். வளரும் பிள்ளைக்கு ஒரு விரல் போகலாம். வளர்ச்சிக்கு விடக்கூடிய இடம் அந்த ஒரு விரல்தான். இரண்டு விரல் போனால் அந்த ஸ்கேட்டைப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள்.

அடுத்தது ஆழம். லேஸ் கட்டாமல், நாக்குப் பகுதியை முன்னுக்கு இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைகளுக்குக் குறுக்காக ஒரு பென்சிலை வையுங்கள். பென்சில் இரண்டு பக்கத் துளைகளிலும் படிந்து நின்றால் நல்லது. பாதத்தின் மேற்பகுதி அதைத் தூக்கினால் பூட்ஸின் ஆழம் காணாது. அப்படியான ஸ்கேட்டை இறுக்கிக் கட்டினால் லேஸ் நேராக நரம்பில் அழுத்தும்.

இப்போது குதிக்காலைத் தரை விரிப்பில் இரண்டு மூன்று தடவை தட்டி, அது பின்பக்கக் குழிக்குள் போய் உட்காரச் செய்யுங்கள். பிறகு லேஸ். விரல் பக்கத்தில் சாதாரண இறுக்கம், நடுவில் சிறிது குறைவு, கணுக்கால் வளைகிற இடத்தில் நல்ல இறுக்கம். எழுந்து நேராக நின்றால் விரல்கள் முன்சுவரை மெல்லத் தொட வேண்டும், மடங்கக்கூடாது. முழங்காலை மடித்துக் குந்துவதுபோல நின்றால் விரல்கள் சுவரிலிருந்து சற்றுப் பின்வாங்க வேண்டும். கடையில் நேராக நின்று பார்த்துவிட்டு "விரல் முட்டுது, பெரிசு தாங்கோ" என்று கேட்பவர்கள் அதிகம். பனியில் எவரும் நேராக நிற்பதில்லை. முழங்கால் மடிந்த நிலைதான் ஆடும் நிலை.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது குதிக்கால். முழங்காலை மடித்து முன்னுக்குச் சாயும்போது குதிக்கால் மேலெழுந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஸ்கேட் வேண்டாம். அக்காவின் மகன் பழைய ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு நின்றபோது கடைக்காரர் பூட்ஸைக் கையால் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கச் சொன்னார். குதிக்கால் ஒரு அங்குலம் மேலே வந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை.

ஸ்கேட்டைக் கட்டியபடி பத்து, பதினைந்து நிமிடம் கடையிலேயே இருங்கள். இறுக்கம் சுற்றிவர ஒரேமாதிரி, ஒருவர் கையால் காலைப் பிடித்திருப்பதுபோல இருந்தால் அது சரியான இறுக்கம். ஒரு புள்ளியில் மட்டும் குத்தினால், விரல் விறைத்தால் சரியில்லை. பிள்ளைகள் புதுச் சாமானைக் கண்ட சந்தோசத்தில் "நோகேல்ல" என்றுதான் சொல்வார்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஆழமாகச் சிவந்திருந்தால் பிள்ளை சொன்னதை நம்ப வேண்டாம்.

சூடாக்கி உருவமைத்தல்

இன்றைய ஸ்கேட்டுகளில் பலவற்றைச் சூடாக்கிக் காலின் உருவத்துக்கு அமைக்கலாம். கடைகளில் இதற்கென்றே ஒரு சிறிய அடுப்பு இருக்கும். ஏறக்குறைய 80 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள் வைப்பார்கள்; எத்தனை நிமிடம் என்பது மாதிரியைப் பொறுத்தது. இளகியதும் காலை நுழைத்து, லேஸைக் கட்டி, முழங்கால் செங்கோணமாக இருக்கும்படி கதிரையில் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். எழுந்து நிற்கக்கூடாது. லேஸை வெடுக்கென்று இழுத்தால், இளகியிருக்கும் துளைகளின் வளையம் கழன்று வந்துவிடும். பிறகு ஒரு நாள் முழுவதும் ஆறவிட வேண்டும். அன்றைக்கே பனியில் இறங்கினால் அமைந்த உருவம் குலையும்.

மலிவான சில மாதிரிகளைச் சூடாக்கவே கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு அடுப்பில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். வெப்பம் கூடினால் பசை விட்டுவிடும், ஸ்கேட்டும் போய்விடும். இன்னொரு விடயம், சூடாக்குவது பெரிய ஸ்கேட்டைச் சிறிதாக்காது. அளவு சரியாக இருப்பதை இன்னும் சரியாக்கும், அவ்வளவுதான்.

தீட்டாமல் பனியில் இறங்க வேண்டாம்

பெட்டிக்குள்ளிருந்து வரும் புதுத் தகட்டுக்குப் பெரும்பாலும் கூர் இருக்காது. இது தெரியாமல் நேரே பனித்தளத்துக்குக் கொண்டுபோய், பிள்ளை சறுக்கி விழ, "இவனுக்கு இது சரிவராது" என்று திரும்பி வந்த குடும்பங்களை அங்கே கேட்டறிந்தேன். கடையில் வாங்கும்போதே தீட்டித் தரச் சொல்லுங்கள்.

கத்தி தீட்டுவதுபோல இது ஒற்றை விளிம்பு அல்ல. தகட்டின் அடிப்பக்கத்தை நீளவாட்டில் ஒரு வாய்க்கால்போலக் குழிவாகச் செதுக்குவார்கள். வாய்க்காலின் இரு கரைகளும்தான் கூரான விளிம்புகள். அந்தக் குழியை ஒரு வட்டத்தின் ஆரையால் சொல்வார்கள்: அரை அங்குலம் என்பது பரவலான அளவு. எண் பெரிதாகப் பெரிதாகக் குழி ஆழம் குறையும், விளிம்பு பனியைக் குறைவாகப் பிடிக்கும், சறுக்கல் இலகுவாகும். எண் சிறிதானால் பிடி கூடும். எடை குறைந்த பிள்ளைக்கு அரை அங்குலம் நல்ல தொடக்கம். எடை கூடிய பெரியவர் எட்டில் ஐந்து அங்குலத்தில் தொடங்கலாம். நிற்கப் பழகும்போது விளிம்பு அதிகமாகக் கவ்வினால் முன்னுக்கு விழுந்துவிடுவார்.

பழக்கி எடுக்கும் வாரங்கள்

புது மாட்டுக்கு வண்டி பழக்குவதைப்போல இதற்கும் பொறுமை வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் வீட்டிலேயே போடலாம். தகட்டுக்குக் கடினமான உறை மாட்டி, ரீவி பார்த்துக்கொண்டு இருபது முப்பது நிமிடம். இடைக்கிடை எழுந்து முழங்காலை மடித்து நிற்கட்டும். பனியில் முதல் தடவை அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். முதல் சில நாட்களுக்கு மேலே உள்ள கடைசித் துளையில் லேஸ் கோர்க்காமல் விட்டால் கணுக்கால் முன்னுக்கு மடிய இடம் கிடைக்கும். விறைப்புக் குறைந்த பின் கோர்த்துக்கொள்ளலாம்.

லேஸ் மிஞ்சினால் அதைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது கணுக்காலின் முன்பக்கத் தசைநாண்களை அறுப்பதுபோல அழுத்தும். வீங்கி, விரலைத் தூக்கினாலே நோகும். லேஸ் நீளமாக இருந்தால் குட்டையான லேஸ் வாங்குங்கள்.

எந்த நோவைத் தாங்கலாம், எதைத் தாங்கக்கூடாது என்பதில்தான் எங்கள் வீடுகளில் குழப்பம். பாதம் முழுவதும் பரவிய அழுத்தம், பாத வளைவில் களைப்பு, புதுப் பூட்ஸின் விறைப்பு, இவை சில வாரங்களில் குறையும். வளைவு உளைந்தால் முதலில் நடுப்பகுதி லேஸைத் தளர்த்திப் பாருங்கள். ஆனால் விரல்கள் மரத்துப்போவது, எலும்பு முனையில் ஊசிபோல ஒரு குத்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கொப்புளம், இவை 'பழகப் பழகச் சரிவரும்' என்று விடுகிற நோவுகள் அல்ல. ஒரு புள்ளியில் மட்டும் அழுத்துவதை, கடையில் அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளிச் சரிசெய்வார்கள். குதிக்காலில் கொப்புளம் என்றால் குதிக்கால் உள்ளே எழும்புகிறது என்று அர்த்தம். அதை வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டால் குதிக்காலின் பின்பக்கத்தில் எலும்பு மொத்தித்துவிடும். ஹொக்கிக்காரர்கள் அதற்கு 'பௌவர் பம்ப்' என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வந்த பிறகு மாற்றுவது கடினம்.

நீரிழிவு உள்ள பெரியவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து சறுக்கப் போவதாக இருந்தால் இந்த வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. சீனி வருத்தம் பாத நரம்பைப் பாதித்திருந்தால் கொப்புளம் போட்டதே தெரியாது. மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஒவ்வொரு தடவையும் மேஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். எறிகணைத் துண்டோடு அல்லது பழைய காயத் தழும்போடு இருக்கும் கால்களுக்கும் இதே கவனம் வேண்டும். தழும்பு உள்ள இடத்தைக் கடைக்காரருக்குக் காட்டத் தயங்காதீர்கள். அவர் காரணம் கேட்கப்போவதில்லை. பூட்ஸின் எந்த இடத்தை வெளியே தள்ள வேண்டும் என்பதுதான் அவருக்குத் தேவை.

காலை இழந்தவர்களுக்கும் இந்த விளையாட்டில் இடமுண்டு. 1960களின் தொடக்கத்தில் சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் உருவாகி, 1994இல் நோர்வேயின் லில்லஹாமரில் பராலிம்பிக்கில் சேர்ந்தது பரா ஹொக்கி. வாளி என்று அவர்கள் சொல்கிற ஒரு இருக்கையில் அமர்ந்து, அதன் அடியில் பூட்டிய இரண்டு தகடுகளில் சறுக்கி, இரண்டு கையிலும் குட்டைத் தடிகளோடு ஆடுவார்கள். தடியின் ஒரு முனையில் உள்ள உருக்குப் பற்களைப் பனியில் ஊன்றி முன்னேறுவது. அங்கும் இதே கதைதான்: இடுப்பு வாளிக்குள் அசையாமல் இறுகியிருந்தால்தான் உடல் சாய்கிற பக்கம் தகடும் சாயும்.

காசு

உயர்ந்த ரகப் பெரியவர் ஸ்கேட் ஆயிரம் டொலரைத் தாண்டும். தொடங்குகிற பிள்ளைக்கு அது தேவையே இல்லை. விறைப்புக் கூடிய அந்தப் பூட்ஸை எடை குறைந்த பிள்ளையால் மடிக்கவும் முடியாது. பிள்ளை வளர்ந்துவிடும் என்ற பயத்துக்குப் பெரிய அளவு மருந்தல்ல, பழைய ஸ்கேட்தான் மருந்து. ஒரு பருவத்துக்குள் சிறிதாகிவிட்ட ஸ்கேட்டுகள் கனடாவில் தாராளமாக விற்பனைக்கு வருகின்றன. கூச்சப்பட ஒன்றுமில்லை, அங்குள்ள வெள்ளைக்காரக் குடும்பங்களும் அப்படித்தான் வாங்குகின்றன. வாங்கும்போது கணுக்கால் பகுதியை இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். துணிபோலக் கசங்கினால் அதன் காலம் முடிந்துவிட்டது. தகட்டில் இன்னும் எவ்வளவு உருக்கு மிச்சம், துருவில் குழி விழுந்திருக்கிறதா, ஆணிகள் ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். மிச்சம் பிடிக்கிற காசில் நல்ல தலைக்கவசம் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். தலைக்கவசத்தைப் பழையதாக வாங்கவே வேண்டாம்.

ஆடி முடிந்ததும் தகட்டைத் துணியால் துடைத்து, உள்தட்டை வெளியே எடுத்து, இரண்டையும் தனித்தனியே காயவிட வேண்டும். கடின உறை நடப்பதற்கு மட்டும். அதை மாட்டியபடி பைக்குள் வைத்தால் ஈரம் நின்று துரு பிடிக்கும். வைப்பதற்குத் துணி உறை இருக்கிறது. கால் வளர்ந்ததா என்று பார்க்கவும் அதே உள்தட்டு உதவும்: தரையில் வைத்து அதன்மேல் பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். விரல் விளிம்பைத் தாண்டினால் அடுத்த அளவுக்கு நேரம் வந்துவிட்டது. பருவ காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

மருமகனுக்கு அன்றைக்கு 2ஆம் அளவில் ஒரு பழைய சோடி வாங்கினோம். மூன்றாவது கிழமை அவன் பனித்தளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்து, "மாமா, நீங்களும் வாங்கோ" என்றான். நான் போகவில்லை, எனக்கு விழப் பயம். அளவு 4 சோடி அக்காவின் நிலவறையில் பெட்டியோடு இருக்கிறது. போன கிழமை உள்தட்டின்மேல் நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். விரல் விளிம்பை எட்ட இன்னும் கொஞ்சம் இருக்கிறது.